மீதரவை வாசித்தலும் பதித்தலும்: சீ மொழி நூலகச் சார்புகள்

தரவுக்கும் தகவலுக்கும் இடையிலான வேறுபாட்டை எழுதுமாறு கேட்டால் மாணவர்களுள் பெரும்பாலானோர் தவறின்றி எழுதிவிடுவர். ‘29’ என்பது தரவு. ‘இன்று நண்பகல் வெப்பநிலை 29 பாகை செல்சியஸ்’ என்பது தகவல். ஆயினும் அந்த 29 ஐத் தகவலாக மாற்றிய சொற்கள் கணினியில் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று கேட்டால் பலர் தயங்குவர். எண் கோப்பில் உள்ளது. ‘இன்று’, ‘நண்பகல்’, ‘வெப்பநிலை’, ‘பாகை செல்சியஸ்’ ஆகியன எங்கே உள்ளன? இச்சொற்களே மீதரவு ஆகும். தரவைப் பற்றிய தரவு மீதரவு எனப்படும். அதனைக் கோப்பிலிருந்து ஒரு செய்நிரல் எவ்வாறு வாசிக்கின்றது, எவ்வாறு கோப்பில் பதிக்கின்றது என்பதே இங்கு விளக்கப்படுகின்றது.

மீதரவு தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தை முதலில் நோக்குவோம். செவ்வாய்க் கோளின் காலநிலையை ஆராய்வதற்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசெம்பர் 11 ஆந் திகதி ‘மார்ஸ் கிளைமேற் ஓர்பிற்றர்’ என்னும் விண்கலத்தை ஏவியது. பயணத்தின்போது அதன் சிறிய உந்திகள் இடையிடையே இயக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஏற்பட்ட கணத்தாக்கைத் தரையிலிருந்த ஒரு செய்நிரல் கணித்துக் கோப்பொன்றில் எழுதியது. அக்கோப்பை மற்றொரு செய்நிரல் வாசித்து விண்கலத்தின் பாதையைக் கணித்தது. எழுதிய செய்நிரல் இறாத்தல் விசை – செக்கன் என்னும் அலகைப் பயன்படுத்தியது. வாசித்த செய்நிரல் நியூற்றன் – செக்கன் என எடுத்துக்கொண்டது. ஒரு இறாத்தல் விசை ஏறக்குறைய 4.45 நியூற்றன் ஆகும். எனவே உந்திகளின் விளைவு 4.45 மடங்கு குறைவாகக் கணிக்கப்பட்டது. செவ்வாயின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்லவேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீற்றர் உயரத்துக்கு இறங்கியது. 1999 செப்ரெம்பர் 23 ஆந் திகதி அதனுடனான தொடர்பு அற்றுப்போனது, மீண்டும் கிடைக்கவேயில்லை.

இங்கு கூட்டல் கழித்தலில் எவரும் பிழை விடவில்லை என்பதை அவதானிக்குக. எந்த அலகைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஆவணமொன்றில் எழுதப்பட்டும் இருந்தது. வாசித்த செய்நிரல் அந்த ஆவணத்தை நம்பியது. எழுதிய செய்நிரல் அதனைப் பின்பற்றவில்லை. கோப்பை வாசிக்கும் செய்நிரல் ‘உனது அலகு யாது?’ என்று கோப்பையே கேட்டு, விடை பொருந்தாவிடின் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தால் பிழை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

கோப்பைக் கேட்பதற்கு, விடை கோப்பினுள்ளே இருத்தல் வேண்டும். மீதரவைக் கோப்பின் பெயரில் வைக்கலாம். ஆனால் பெயரை யாரும் மாற்றிவிடலாம். தனியான குறிப்பொன்றில் வைக்கலாம். கோப்பைப் பிரதி செய்பவர் குறிப்பையும் பிரதி செய்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தரவும் மீதரவும் ஒரே கோப்பில் ஒன்றாக இருப்பதே பாதுகாப்பானது. இவ்வாறான கோப்பு தன்விளக்கக் கோப்பு எனப்படும்.

1985 இல் நாசாவின் கொடார்ட் விண்வெளிப் பறப்பு நிலையத்தில் ‘சீடிஎஃப்’ என்னும் தன்விளக்கக் கோப்பு முறை உருவாக்கப்பட்டது. அக்கருத்தைத் தழுவி, அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்து போல்டர் நகரில் இயங்கிய ‘யுனிடேற்றா’ திட்டத்தினர் 1980 களின் இறுதியில் ‘நெற்சிடிஎஃப்’ என்னும் முறையைச் சீ மொழியில் உருவாக்கத் தொடங்கினர். வளிமண்டலம், சமுத்திரம் பற்றிய ஆய்வுகளில் உலகெங்கும் இது பயன்படுகின்றது. இதன் நூலகம் இலவசமாகக் கிடைக்கின்றது. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் சார்புகள் யாவும் இந்நூலகத்தைச் சேர்ந்தவை.

நெற்சிடிஎஃப் கோப்பொன்றில் மூன்று வகைப் பொருள்கள் உள்ளன. அவை பரிமாணம், மாறி, பண்பு என்பனவாகும். உலகப் படத்தை ஒரு பாகைக்கு ஒரு கட்டம் வீதம் பிரித்தால் நெட்டாங்கு 360, அகலாங்கு 180 என இரு பரிமாணங்கள் கிடைக்கும். அக்கட்டங்கள் ஒவ்வொன்றுக்குமான வெப்பநிலையைக் கொண்ட 64,800 எண்களின் அணி ஒரு மாறி ஆகும். அந்த மாறியின் அலகு கெல்வின் என்பது ஒரு பண்பு. ஆக, பண்புகளே இங்கு மீதரவைத் தாங்குகின்றன. ஒவ்வொரு பண்புக்கும் பெயர், தரவு வகை, நீளம், பெறுமானம் ஆகிய நான்கும் உண்டு. இந்த நான்கையும் மனத்திற் கொள்க. பின்வரும் சார்புகள் யாவும் இவற்றைச் சுற்றியே அமைகின்றன.

பண்பு ஒரு மாறிக்கு உரியதாகவோ முழுக் கோப்புக்கும் உரியதாகவோ இருக்கலாம். அலகு என்பது மாறிக்கு உரியது. கோப்பின் தலைப்பு, தயாரித்த நிறுவனம், கோப்பு கடந்துவந்த மாற்றங்களின் வரலாறு என்பன முழுக் கோப்புக்கும் உரியவை. முழுக் கோப்பைக் குறிப்பதற்கு மாறியின் எண்ணுக்குப் பதிலாக −1 என்னும் பெறுமானம் கொண்ட மாறிலி வழங்கப்படும். மாறிகளின் எண்கள் 0 இலிருந்து தொடங்குவதால் குழப்பம் ஏற்படாது.

சார்புகளின் பெயர்கள்

கவனிக்க: சார்புகளின் பெயர்கள் இங்கு உச்சரிப்பின்படி தமிழில் அச்சிடப்பட்டுள்ளன. செய்நிரலில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், பகுதிகளுக்கிடையே அடிக்கோடு இட்டு எழுதப்படும்.

பெயர்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. அவை கட்டப்பட்ட விதத்தை அறிந்தாற் போதும். முதலாவது பகுதி எப்போதும் ‘என்சி’. இது நூலகத்தின் முத்திரை போன்றது. இரண்டாவது பகுதி செயலைக் குறிக்கும்: ‘இன்க்’ என்றால் வினவு, ‘கெற்’ என்றால் பெறு, ‘புற்’ என்றால் பதி, ‘டெஃப்’ என்றால் வரையறு, ‘டெல்’ என்றால் நீக்கு. மூன்றாவது பகுதி பொருளைக் குறிக்கும்: ‘டிம்’ பரிமாணம், ‘வார்’ மாறி, ‘அற்’ பண்பு. சில பெயர்களில் நான்காவது பகுதி தரவு வகையைக் கூறும்: ‘ரெக்ஸ்ற்’ எழுத்துச் சரம், ‘டபிள்’ 8 பைற்று மெய்யெண். எனவே என்சி_கெற்_அற்_ரெக்ஸ்ற் என்பதைக் கண்டவுடனேயே, ‘சரமாக உள்ள பண்பொன்றைப் பெறு’ எனப் பொருள் கூறிவிடலாம். நல்ல பெயரிடல் என்பது இதுவே. உங்கள் செய்திட்டங்களில் துணைச் செய்நிரல்களுக்குப் பெயரிடும்போதும் இம்முறையைப் பின்பற்றிப் பாருங்கள்.

இச்சார்புகள் அனைத்தும் ஒரு முழுவெண்ணையே திருப்பி அனுப்பும். அது நாம் கேட்ட விடையன்று; வேலை நிறைவேறியதா என்பதற்கான குறியீடு. 0 எனின் வெற்றி. எதிர்ப்பெறுமானம் எனின் நூலகம் காட்டும் வழு. உதாரணமாக −43 என்பது ‘அப்பெயரில் பண்பு இல்லை’ என்பதைக் குறிக்கும். எண்ணைச் சொல்லாக மாற்றித் தருவதற்கு என்சி_ஸ்ற்ரெறர் என்னும் சார்பு உண்டு.

அவ்வாறாயின் உண்மையான விடை எவ்வழியாக வரும்? பாஸ்கல் மொழியைப் பழகியவர்கள் நடைமுறைகளுக்குப் பரமானங்களை அனுப்பும்போது ‘வார்’ என்னும் சொல்லை முன்னே இடுவதை நினைவுகூருங்கள். அவ்வாறு அனுப்பிய மாறியின் பெறுமானத்தை நடைமுறையால் மாற்ற முடியும். சீ மொழியில் அதே வேலைக்கு மாறியின் நினைவக முகவரியை அனுப்புகின்றோம். சார்பு அம்முகவரியில் விடையை எழுதிவிட்டு வரும்.

மீதரவை வாசித்தல்

கோப்பு முதலில் என்சி_ஓபன் சார்பினால் திறக்கப்படும். அது கோப்புக்கு ஓர் அடையாள எண்ணைத் தரும். அதன்பின் கோப்பின் பெயர் தேவைப்படாது, அடையாள எண்ணே போதும். அடுத்து என்சி_இன்க்_வாரைடி சார்புக்கு மாறியின் பெயரைக் கொடுத்து அம்மாறியின் எண்ணைப் பெறுகின்றோம். இதுவரை சிக்கல் எதுவுமில்லை.

அலகை வாசிக்கும் இடத்திலேதான் மாணவர்கள் வழமையாகத் தவறு விடுவர். என்சி_கெற்_அற்_ரெக்ஸ்ற் சார்பை நேரடியாக அழைத்து, 10 எழுத்துகளுக்கு இடமுள்ள அணியொன்றைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கோப்பில் உள்ள அலகு 25 எழுத்துகள் நீளமானது எனின் என்ன நடக்கும்? உங்கள் அணியில் எத்தனை இடங்கள் உண்டு என்பது நூலகத்துக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்தது முகவரி மட்டுமே. அது 25 எழுத்துகளையும் அவ்விடத்திலிருந்து வரிசையாக எழுதும். அணிக்கு அப்பாலுள்ள 15 பைற்றுகள் அழிந்துபோகும். செய்நிரல் அப்போதே நின்றுவிடலாம். நிற்காமல் வேறொரு மாறியின் பெறுமானம் மாறிப்போய் வேறொரு நேரத்தில் வேறொரு பிழையாகத் தோன்றவும் கூடும். இரண்டாவதே கொடியது, ஏனெனில் அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தல் மிகக் கடினம்.

ஆகவே பெறுவதற்கு முன் வினவுதல் வேண்டும். என்சி_இன்க்_அற் சார்புக்கு ஐந்து பரமானங்கள் உண்டு: கோப்பின் எண், மாறியின் எண், பண்பின் பெயர், வகையை வைக்கவேண்டிய முகவரி, நீளத்தை வைக்கவேண்டிய முகவரி. இது பண்பின் பெறுமானத்தைத் தராது. வகையையும் நீளத்தையும் மட்டுமே தரும். நீளத்தை அறிந்த பின்னர் அதற்கேற்ப நினைவகத்தில் இடம் ஒதுக்கி, அதன்பின் என்சி_கெற்_அற்_ரெக்ஸ்ற் சார்பை அழைக்கலாம். சாக்கின் கொள்ளளவு அறியாமல் நெல்லை அளந்து கொட்டுவாரில்லை. இங்கு சாக்கைத் தைப்பவரும் நாமே என்பதுதான் வித்தியாசம்.

இடம் ஒதுக்கும்போது நீளத்துடன் ஒன்றைக் கூட்டிக்கொள்ளல் அவசியம். சீ மொழியில் சரமொன்று எங்கே முடிகின்றது என்பது வெற்றுக்குறி எனப்படும் 0 பெறுமானமுள்ள பைற்றினால் அறியப்படும். ஆனால் கோப்பிலுள்ள பண்பு நீளத்தினால் அளக்கப்படுகின்றது. அதன் இறுதியில் வெற்றுக்குறி இருந்தேயாக வேண்டும் என்பதில்லை. கெல்வின் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 6 எழுத்துகள். அதைப் பதித்தவர் நீளம் 6 எனக் கொடுத்திருந்தால் 6 பைற்றுகள் மட்டுமே கிடைக்கும். அதனை அப்படியே திரையில் அச்சிட முயன்றால், கணினி வெற்றுக்குறியைத் தேடிக்கொண்டு நினைவகத்தில் தொடர்ந்து செல்லும். அலகுக்குப் பின்னால் விளங்காத குறிகள் தோன்றும். எனவே 7 இடங்கள் ஒதுக்கி, ஏழாவதில் நாமே வெற்றுக்குறியை இடுகின்றோம். அணியின் சுட்டி 0 இல் தொடங்குவதால் ஏழாவது இடத்தின் சுட்டி 6, அதாவது நீளத்துக்குச் சமன்.

எண்ணாக உள்ள பண்புகளை வாசிப்பதற்கு என்சி_கெற்_அற்_டபிள் போன்றவை உள்ளன. கோப்பில் முழுவெண்ணாக உள்ள பண்பையும் இச்சார்பு மெய்யெண்ணாக மாற்றித் தரும். ஆனால் எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றித் தராது. அவ்வாறு கேட்டால் −56 என்னும் வழுக்குறியீடு கிடைக்கும். ‘25’ என்பது சரமாகவும் இருக்கலாம், எண்ணாகவும் இருக்கலாம் என நாம் கற்றதை இங்கு காணலாம்.

அளவுத்திருத்தமும் விடுபட்ட பெறுமானமும்

மேற்கூறிய 64,800 வெப்பநிலைகளையும் 8 பைற்று மெய்யெண்களாகச் சேமித்தால் 518,400 பைற்றுகள் தேவை. 2 பைற்று முழுவெண்களாகச் சேமித்தால் 129,600 பைற்றுகளே போதும். ஒரு நாளுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். பல ஆண்டுகளுக்கு, மணித்தியாலத்துக்கு ஒன்று வீதம் எனின் நான்கில் ஒரு பங்கு இடம் என்பது பெரிய சேமிப்பு. ஆனால் 302.75 என்பதை முழுவெண்ணாக எவ்வாறு சேமிப்பது?

அதற்கு இரு பண்புகள் பயன்படுகின்றன. ஒன்று பெருக்கற் காரணி. மற்றையது கூட்டும் மாறிலி. உண்மைப் பெறுமானம் = சேமித்த எண் × பெருக்கற் காரணி + கூட்டும் மாறிலி. பெருக்கற் காரணி 0.01, கூட்டும் மாறிலி 300 எனின், கோப்பிலுள்ள 275 என்பது 275 × 0.01 + 300 = 302.75 கெல்வின் ஆகும். 273.15 ஐக் கழித்தால் 29.60 பாகை செல்சியஸ். இவ்விரு பண்புகளையும் வாசிக்காதவர் 275 ஐயே வெப்பநிலை எனக் கொள்வார். கெல்வினில் 275 என்பது ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ். நம்பத்தகுந்த எண்ணாகவே தோன்றும். ஆபத்து அங்கேதான் உள்ளது. நூலகத்தின் தரவு வாசிக்கும் சார்புகள் இக்கணிப்பைத் தாமாகச் செய்யமாட்டா. அது செய்நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

அளவீடு எடுக்கப்படாத கட்டங்களும் இருக்கும். அவற்றை வெறுமையாக விடமுடியாது. அணியின் ஒவ்வோர் இடத்திலும் ஏதேனும் ஓர் எண் இருந்தே தீரும். எனவே ‘இந்த எண் காணப்பட்டால் அளவீடு இல்லை எனக் கொள்க’ என ஓர் எண் ஒதுக்கப்படும். இது நிரப்பற் பெறுமானம் எனப்படும். இதற்குரிய பண்பின் பெயர் அடிக்கோட்டுடன் தொடங்கும். 2 பைற்று முழுவெண்ணுக்கு நூலகம் தானாகவே பயன்படுத்தும் நிரப்பற் பெறுமானம் −32767 ஆகும்.

ஐந்து கட்டங்களில் சேமித்த எண்கள் முறையே 275, 295, 285, −32767, 265 என்க. நான்காவதை விலக்கினால் ஏனைய நான்கின் கூட்டுத்தொகை 1120, இடை 280. ஆகவே இடை வெப்பநிலை 302.80 கெல்வின், அதாவது 29.65 பாகை செல்சியஸ். விலக்காவிடின் கூட்டுத்தொகை −31647, இடை −6329.4, வெப்பநிலை 236.706 கெல்வின், அதாவது ஏறக்குறைய −36.44 பாகை செல்சியஸ். இவ்விடையைக் கண்டால் எவருக்கும் ஐயம் தோன்றும். ஆனால் ஆயிரம் கட்டங்களில் ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால்? நிரப்பற் பெறுமானத்தைச் சூத்திரத்தில் இட்டால் −27.67 கெல்வின் வரும். பூச்சியக் கெல்வினுக்குக் கீழே வெப்பநிலை இல்லை என விஞ்ஞானத்தில் கற்றிருக்கிறீர்கள்; கணினி கற்கவில்லை. அது இவ்வெண்ணையும் சேர்த்துக் கூட்டி, இடையை ஏறத்தாழ 0.33 பாகை குறைத்துக் காட்டும். 29.65 க்குப் பதில் 29.32. இதைப் பார்த்து ஐயுறுபவர் யார்? பெரிய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சிறிய பிழை அறிக்கையில் அச்சாகிவிடும்.

இங்கு ஒழுங்கும் முக்கியமானது. நிரப்பற் பெறுமானத்தைச் சேமித்த எண்ணுடன் ஒப்பிட வேண்டும். சூத்திரத்தைப் பிரயோகித்த பின்னர் ஒப்பிட்டால் −27.67 ஐ −32767 உடன் ஒப்பிட்டுப் பயனின்றிப் போகும்.

நேரமும் இவ்வாறே ஓர் எண்ணாகச் சேமிக்கப்படுகின்றது. கோப்பில் நேரம் 876576 என்று மட்டும் இருந்தால் எவராலும் பொருள் கொள்ள முடியாது. அதன் அலகுப் பண்பில் ‘1900 ஜனவரி 1 முதல் மணித்தியாலங்கள்’ என இருந்தால், 24 ஆல் வகுத்து 36,524 நாட்கள் எனப் பெறலாம். 1900 நெட்டாண்டு அன்று. அதன்பின் 1904 முதல் 1996 வரை 24 நெட்டாண்டுகள். எனவே 100 ஆண்டுகளுக்கு 36,500 + 24 = 36,524. விடை 2000 ஜனவரி 1, நள்ளிரவு.

பண்பு ஒன்று காணப்படாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சிந்திக்க வேண்டும். பெருக்கற் காரணியைக் கேட்டு −43 கிடைத்தால் அது தவறன்று. காரணி 1, கூட்டும் மாறிலி 0 எனக் கொண்டு தொடரலாம். எண்கள் சுருக்கப்படவில்லை என்பதே பொருள். அலகைக் கேட்டு −43 கிடைத்தால், அலகு உள்ள ஒரு கணியத்தைப் பொறுத்தவரை ஊகித்துத் தொடரக்கூடாது. ஒரே குறியீடு, ஆனால் இருவேறு முடிவுகள். இதை நூலகம் தீர்மானிக்க முடியாது.

மீதரவைப் பதித்தல்

பதிப்பதற்குக் கோப்பை எழுதும் அனுமதியுடன் திறத்தல் வேண்டும். வாசிப்பதற்கு மட்டும் திறந்த கோப்பில் பதிக்க முயன்றால் −37, அதாவது அனுமதி இல்லை என்னும் வழு, கிடைக்கும்.

அனுமதி மட்டும் போதாது. பழைய வகைக் கோப்பொன்று எந்நேரத்திலும் இரு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: வரையறை நிலை, தரவு நிலை. பரிமாணம், மாறி, பண்பு ஆகியவற்றைச் சேர்ப்பது வரையறை நிலையில்; எண்களை எழுதுவது தரவு நிலையில். புதிதாக உருவாக்கிய கோப்பு வரையறை நிலையில் இருக்கும். ஏற்கெனவே உள்ள கோப்பைத் திறந்தால் அது தரவு நிலையில் இருக்கும். என்சி_றீடெஃப் சார்பினால் வரையறை நிலைக்கு மாற்றி, வேலை முடிந்ததும் என்சி_என்ட்டெஃப் சார்பினால் திரும்ப வேண்டும். தரவு நிலையில் புதிய பண்பைச் சேர்க்க முயன்றால் −38 கிடைக்கும். 

இக்கட்டுப்பாடு ஏன் என்று கேட்கலாம். அப்பியாசக் கொப்பியின் முதற்பக்கத்தில் பொருளடக்கத்தை எழுதி, அடுத்த பக்கத்திலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டீர்கள் என்க. பின்னர் பொருளடக்கத்தில் பத்து வரிகளைச் சேர்க்க நேர்ந்தால் இடமில்லை. பாடங்கள் யாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி எழுத வேண்டும். பழைய வகைக் கோப்பில் மீதரவு முழுவதும் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதியில் இருக்கின்றது. தலைப்பகுதி பெருத்து ஒதுக்கிய இடத்தைக் கடந்தால், பின்னாலுள்ள எண்கள் எல்லாம் நகர்த்தப்பட வேண்டும். ஆகவே பண்புகள் அனைத்தையும் தரவை எழுதுவதற்கு முன்னரே பதித்தல் சிறந்த பழக்கமாகும். 2008 இல் வெளிவந்த 4 ஆம் பதிப்புடன் வந்த புதிய வகைக் கோப்பில் நூலகம் தேவைக்கேற்பத் தானாகவே நிலை மாறிக்கொள்ளும்.

சரத்தைப் பதிக்க என்சி_புற்_அற்_ரெக்ஸ்ற். இதற்குக் கோப்பின் எண், மாறியின் எண், பண்பின் பெயர், நீளம், சரம் என ஐந்து பரமானங்கள். எண்ணைப் பதிக்க என்சி_புற்_அற்_டபிள். இதற்கு நீளத்தின் முன்னர் வகை என்னும் பரமானமும் சேர்ந்து ஆறு. கூடுதலான அந்த ஒன்று, கோப்பில் எந்த வகையாகச் சேமிக்க வேண்டும் என்பதைக் கூறுகின்றது. நிரப்பற் பெறுமானம் அதன் மாறியின் வகையிலேயே இருத்தல் வேண்டும்; அன்றேல் நூலகம் ஏற்காது. அதனைத் தரவு எழுதுவதற்கு முன் பதிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் கூறத் தேவையில்லை: வெற்றிடங்கள் எந்த எண்ணால் நிரப்பப்படும் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

‘புற்’ சார்புகளிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. அப்பெயரில் ஏற்கெனவே பண்பு இருந்தால், எதுவும் கேட்காமலே பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும். வரலாற்றுப் பண்பில் ‘2003 இல் இன்ன கருவியால் அளக்கப்பட்டது; 2005 இல் திருத்தப்பட்டது’ என இருப்பதாகக் கொள்வோம். நீங்கள் உங்கள் வரியை மட்டும் பதித்தால் முன்னைய இரண்டும் மறைந்துபோகும். திருத்தம் நிகழ்ந்ததை அறிய வேறு வழியிராது. எனவே நீளத்தை வினவி, பழையதைப் பெற்று, புதிய வரியை இணைத்து, முழுவதையும் மீண்டும் பதித்தல் வேண்டும். வாசித்தலும் பதித்தலும் கைகோக்கும் இடம் இது.

அலகுப் பண்பை மாற்றுவதால் எண்கள் மாறா என்பதும் தெளிவாக இருக்கட்டும். கெல்வின் என்று இருந்ததைச் செல்சியஸ் என மாற்றிப் பதித்தால் நூலகம் 0 என்றே விடை தரும். சேமித்த எண்கள் அப்படியே இருக்கும். கோப்பு இப்போது பொய் சொல்லும். எண்களைத் தொடாமல் உண்மையாகவே செல்சியசுக்கு மாற்ற விரும்பினால், கூட்டும் மாறிலி 300 ஐ 26.85 ஆகவும் அலகைச் செல்சியஸ் ஆகவும் சேர்த்து மாற்றலாம். 275 × 0.01 + 26.85 = 29.60. மீதரவின் வல்லமை இது: 64,800 எண்களுள் ஒன்றையேனும் திருத்தாமல் இரு பண்புகளை மாற்றியதால் முழுத் தொகுதியும் சரியாக மாறிவிட்டது.

ஏனைய சார்புகளைச் சுருக்கமாக அறிந்தாற் போதும். என்சி_டெல்_அற் பண்பை நீக்கும். என்சி_கொப்பி_அற் ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்குப் பண்பைப் பிரதி செய்யும். என்சி_றீநேம்_அற் பெயரை மாற்றும். புதிய பெயர் பழையதை விட நீளமில்லையெனின் தரவு நிலையிலும் அனுமதிக்கப்படும், ஏனெனில் தலைப்பகுதி பெருக்காது. இறுதியில் என்சி_குளோஸ் சார்பை அழைக்க மறக்கக்கூடாது. மூடாமல் விட்ட கோப்பில் இறுதியாக எழுதியவை வன்தட்டைச் சென்றடையாமற் போகலாம்.

மாதிரி வினாக்கள்

1. வெப்பநிலை மாறியின் அலகை வாசித்து, அது கெல்வின் எனின் மட்டும் தொடரும் செய்நிரலுக்கான போலிக்குறியை எழுதுக.

தொடக்கம்
கோப்பை வாசிப்பதற்குத் திற
மாறியின் எண்ணைப் பெறு
அலகுப் பண்பின் வகையையும் நீளத்தையும் வினவு
குறியீடு 0 அன்று எனின் ‘அலகு இல்லை’ எனக் காட்டிக் கோப்பை மூடி நிறுத்து
வகை எழுத்து அன்று எனின் ‘அலகு சரமாக இல்லை’ எனக் காட்டிக் கோப்பை மூடி நிறுத்து
நீளம் + 1 பைற்று இடம் ஒதுக்கு
பண்பைப் பெறு
நீளம் என்னும் சுட்டியில் வெற்றுக்குறி இடு
சரம் = கெல்வின் எனின் தரவை வாசி
அன்றேல் ‘அலகு பொருந்தவில்லை’ எனக் காட்டு
ஒதுக்கிய இடத்தை விடுவி
கோப்பை மூடு
முடிவு

பரீட்சார்த்திகள் பலர் இறுதி இரு படிகளை எழுதாது விடுவர்.

2. மாணவி ஒருத்தி எழுதிய செய்நிரல், கோப்பிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் முதலில் சூத்திரத்தில் இட்டு, பின்னர் பெறுபேறு −32767 எனின் அதனை விலக்குகின்றது. பெருக்கற் காரணி 0.01, கூட்டும் மாறிலி 300. இச்செய்நிரல் விடுபட்ட பெறுமானங்களை விலக்குமா? காரணம் கூறுக.

விடை: விலக்காது. சூத்திரத்தின் பின் −32767 என்பது −27.67 ஆகிவிடும். எனவே நிபந்தனை ஒருபோதும் உண்மையாகாது. சூத்திரத்துக்கு முன்னர் ஒப்பிட வேண்டும்.

3. ஒரு கோப்பில் நேரத்தின் அலகு ‘1900 ஜனவரி 1 முதல் மணித்தியாலங்கள்’. சேமித்த எண் 876600 எனின் திகதி யாது?

விடை: 876600 − 876576 = 24 மணித்தியாலங்கள். ஆகவே 2000 ஜனவரி 2, நள்ளிரவு 0 மணி.